ஆவணத்திலிருந்து உரையை எடுத்தல்: ஒரு சிறு வரலாறு

தமிழில் வெளியான ஓர் அரசாணையையோ ஆண்டறிக்கையையோ பிடிஎஃப் கோப்பாகப் பெற்று, அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து வேறோரிடத்தில் ஒட்டிப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. திரையில் ‘வரவேற்பு’ என்று தெரிந்த சொல், ஒட்டிய இடத்தில் ‘வரேவற்பு’ ஆகிவிடும். ‘கொடு’ என்ற சொல்லை ஒட்டினால் அநாதையாக ஒரு கொம்பும் அதன்பின் ‘காடு’ என்ற சொல்லும் வந்து நிற்கும். இன்னும் சில கோப்புகளில் தமிழே வராது. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஒரு குவியல் வந்து விழும். பெரும்பாலோர் இதைக் கணினிக் கோளாறு என்று விட்டுவிட்டுக் கையால் தட்டச்சு செய்துகொள்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்குக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. காசோலை, விலைப்பட்டியல், வங்கிப் பதிவேடு, நிறுவன அறிக்கை முதலான அலுவல் ஆவணங்களிலிருந்து உள்ளடக்கத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்களின் வரலாறு அது. இதைப் பற்றி எழுதுவோர் வழக்கமாக முன்னேற்றத்தின் கதையாகவே எழுதுகின்றனர். எனக்கோ அது ஒரு முக்கியமான இடத்தில் பின்னோக்கி நடந்த கதையாகத் தோன்றுகிறது. அந்தப் பின்னடைவின் சுமையை இன்று இந்தியாவில் யார் சுமக்கிறார்கள் என்று கேட்பதற்காகவே இப்பதிவு. சற்று நீளமானது; நேரம் வாய்க்கும்போது படியுங்கள்.

எழுத்தை வாசிக்கும் எந்திரம் நூலகத்துக்காகவோ இலக்கியத்துக்காகவோ பிறக்கவில்லை. வணிக அலுவலகமே அதை வாங்கியது. அமெரிக்கப் படைத்துறையின் மறைகுறியீட்டுப் பிரிவில் பணியாற்றிய டேவிட் ஷெப்பர்டு 1951இல் தட்டச்சு எழுத்துகளை வாசிக்கும் எந்திரம் ஒன்றை உருவாக்கினார். அவ்வழியில் வந்த முதல் வணிக எந்திரம் 1950களின் நடுவில் ரீடர்ஸ் டைஜஸ்ட் நிறுவனத்தில் நிறுவப்பட்டது. தட்டச்சில் வந்த விற்பனை அறிக்கைகளைத் துளையட்டைகளாக மாற்றுவது அதன் வேலை. ஏறத்தாழ அதே காலத்தில் பேங்க் ஆஃப் அமெரிக்காவுக்காக ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் காசோலைகளைக் கையாளும் எந்திரத்தை வடிவமைத்துக்கொண்டிருந்தது. அங்கே எடுக்கப்பட்ட முடிவு நேர்மாறானது. மனித எழுத்தை வாசிக்க எந்திரத்துக்குக் கற்பிப்பதைவிட, எந்திரத்துக்கு ஏற்ற எழுத்தை மனிதர்கள் அச்சிடுவது எளிது என்று கண்டார்கள். காந்த மையால் அச்சிடப்படும் இ-13பி எழுத்துரு அப்படித் தோன்றியது. 10 எண்களும் 4 குறிகளும் மட்டுமே கொண்ட எழுத்துமுறை அது.

உங்கள் கையில் உள்ள காசோலையின் அடிவிளிம்பைப் பாருங்கள். வயிறு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் பருத்திருக்கும் அந்த விநோத எண்கள் இ-13பி எண்களே. முதல் மூன்று எண்கள் நகரத்தையும், அடுத்த மூன்று வங்கியையும், இறுதி மூன்று கிளையையும் சுட்டும் ஒன்பதிலக்கக் குறியீடும் அதில் இருக்கிறது. 2008இல் புது தில்லியிலும் 2011இல் சென்னையிலும் 2013இல் மும்பையிலும் காசோலைத் தாளை ஊர்விட்டு ஊர் அனுப்பும் வழக்கத்தை விடுத்து, அதன் படத்தையும் காந்த எண்களிலிருந்து எடுத்த தகவலையும் மட்டும் அனுப்பும் முறையை ரிசர்வ் வங்கி கொண்டுவந்தபோது, அந்த மாற்றம் இயன்றதற்கு ஒரு காரணம், அரை நூற்றாண்டுக்கு முந்தைய அந்த முடிவு. ஆவணத்தின் ஒரு வரி பிறக்கும்போதே எந்திரம் படிக்கத்தக்கதாகப் பிறந்திருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்த கட்டம் மொழியியலாளர்களுக்கு நெருக்கமானது. 1970களிலும் 80களிலும் ஒரு கூட்டம் ஆய்வாளர்கள், எழுத்தை வாசிப்பதைத் தாண்டி, உரையின் பொருளை எடுக்க முயன்றார்கள். ஒரு துறைக்குள் புழங்கும் மொழி தனக்கெனக் குறுகிய இலக்கணம் ஒன்றைக் கொண்டிருக்கும் என்ற செல்லிக் ஹாரிசின் துணைமொழிக் கோட்பாடு அவர்களுக்குத் துணையாக இருந்தது. (ஹாரிசை நோம் சோம்சுகியின் ஆசிரியராக மட்டுமே நம் வகுப்பறைகளில் அறிமுகப்படுத்துகிறோம். தகவல் பிரித்தெடுப்பு என்ற துறைக்கு அவர் பாட்டனார் முறை என்பதைச் சொல்வதில்லை.) 1986இல் வெளியான ஒரு கட்டுரை ‘ஏட்ரான்ஸ்’ என்ற அமைப்பை விவரிக்கிறது. வங்கிகளுக்கிடையே பணமாற்றத்துக்காக அனுப்பப்படும் டெலக்ஸ் செய்திகளைப் படித்து, யார், யாருக்கு, எவ்வளவு, எந்த நாளில் என்ற விவரங்களைப் பிரித்தெடுப்பது அதன் பணி. 1987 தொடங்கி அமெரிக்காவில் ஒரு வரிசை மாநாடுகள் நடந்தன. ஒரே உரைத்தொகுதியை எல்லாருக்கும் கொடுத்து, எவருடைய அமைப்பு எவ்வளவு தகவலைச் சரியாக எடுக்கிறது என்று அளந்தார்கள். அவற்றுள் ஐந்தாவது மாநாடு 1993இல் கூடியது. ஆங்கிலத்திலும் சப்பானியத்திலும் வந்த கூட்டு முயற்சித் தொழில்கள் பற்றிய செய்திகள் அதில் ஒரு சோதனைப் பொருள்.

இவர்களுடைய சிக்கல்கள் எல்லாம் மொழிச் சிக்கல்கள். 1985இல் பிளேரும் மேரனும் வெளியிட்ட ஆய்வை இங்கே சுட்டியாக வேண்டும். பெருநிறுவன வழக்கு ஒன்றுக்காகச் சுமார் 40,000 ஆவணங்கள், ஏறத்தாழ 3,50,000 பக்கங்கள், கணினியில் ஏற்றப்பட்டிருந்தன. வழக்கறிஞர்கள் தமக்கு வேண்டிய ஆவணங்களுள் 75 விழுக்காட்டையாவது தேடி எடுத்துவிட்டதாக நம்பினர். உண்மையில் அவர்களுக்குக் கிடைத்தது சராசரியாக 20 விழுக்காடு. தேடுபொறி பழுதாக இருக்கவில்லை. ஒரு தரப்பார் ‘விபத்து’ என்று எழுதியதை மறுதரப்பார் ‘நிலைமை’ என்றும் ‘சங்கடம்’ என்றும் எழுதியிருந்தார்கள். வழக்கறிஞர்கள் ‘விபத்து’ என்று தேடினார்கள். சொல் தேர்வு தரப்பைச் சார்ந்தது என்று சமூகமொழியியல் பாடத்தில் நாம் சொல்லுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஏட்ரான்ஸ் ஆகட்டும், பிளேர் மேரன் ஆய்வாகட்டும், அவை அனைத்துக்கும் பொதுவான ஒன்றைக் கவனிக்கலாம். உரை என்பது எழுத்துகளின் வரிசை. அந்த வரிசை ஏற்கெனவே கையில் இருக்கிறது. டெலக்ஸ் செய்தி அப்படித்தான் வரும். செய்தி நிறுவனங்களின் தகவலும் அப்படித்தான். எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து என்பதில் அவர்களுக்கு ஐயமே எழவில்லை. பொருள் காண்பதே அவர்களுடைய கவலை.

அதே 1993இல் அடோபி நிறுவனம் பிடிஎஃப் வடிவத்தை வெளியிட்டது.

அதற்கு முந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆவணம் என்றால் என்ன என்பதற்குக் கணினித் துறையில் இரண்டு விடைகள் இருந்தன. முதல் விடை 1969இல் ஐபிஎம் நிறுவனத்தில் உருவானது. சட்ட அலுவலகங்களுக்கான ஒரு தகவல் அமைப்பை வடிவமைத்துக்கொண்டிருந்த சார்லசு கோல்ட்ஃபார்பும் இரு துணைவர்களும், ஒரு வரி எப்படித் தோன்ற வேண்டும் என்று எழுதுவதற்கு மாறாக அது என்னவாக இருக்கிறது என்று குறித்துவைக்க முடிவு செய்தார்கள்: இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல். 1986இல் அனைத்துலகத் தரமான அந்த வழியின் கொடிவழியில்தான் இன்றைய இணையப் பக்கத்தின் மொழி வருகிறது. இரண்டாவது விடை, 1984இல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி. அச்சுப்பொறிக்கு ஆணையிடுவது அதன் வேலை. தாளின் எந்தப் புள்ளியில் எந்த வடிவத்தை வரைய வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்லும். அடோபியின் நிறுவனர்களுள் ஒருவரான ஜான் வார்னாக் 1991இல் ‘கேமலாட்’ என்ற பெயரில் ஒரு திட்டத்தை எழுதினார். எந்தக் கணினியிலும் எந்த அச்சுப்பொறியிலும் ஓர் ஆவணம் ஒரே மாதிரி தோன்ற வேண்டும் என்பது அதன் இலக்கு. போஸ்ட்ஸ்கிரிப்டின் வரைமுறையே அதற்கு அடித்தளம். அந்தத் திட்டத்தின் விளைவே பிடிஎஃப்.

அலுவலகங்கள் இரண்டாவது விடையைத் தேர்ந்ததில் வியப்பில்லை. கையொப்பம், முத்திரை, பக்க எண், பத்தி எண் என்று ஆவணத்தின் அதிகாரம் முழுவதும் அதன் தோற்றத்தில் தங்கியிருக்கிறது. நீதிமன்றத்தில் ‘பக்கம் 14, வரி 6’ என்று சுட்டினால் எல்லார் கையிலும் அதே பக்கத்தில் அதே வரி இருக்க வேண்டும். பிடிஎஃப் அதைத் தந்தது. 2008இல் அது ஐஎஸ்ஓ தரமும் ஆனது. அதைக் குறைசொல்வது என் நோக்கமன்று. தான் ஏற்ற வேலையை அது இன்றும் செம்மையாகச் செய்கிறது.

ஆனால் அத்தகைய கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது? ‘இந்த எழுத்துருவின் 47ஆம் வடிவத்தை இந்த இடத்தில் வை, 12ஆம் வடிவத்தை அதற்கு இவ்வளவு தள்ளி வை.’ அடிப்படையில் அவ்வளவே. சொற்களுக்கிடையே இடைவெளி என்ற எழுத்து இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை; அடுத்த வடிவத்தைச் சற்றுத் தள்ளி வைத்தால் கண்ணுக்கு இடைவெளி தெரிந்துவிடும். பத்தி என்ற ஒன்று கிடையாது. வரிகள் பக்கத்தில் தோன்றும் வரிசையில் கோப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டியதுமில்லை. அட்டவணை என்பது சில கோடுகளும் அவற்றுக்கிடையே சிதறிய எண்களும். எந்த எண் எந்தத் தலைப்பின்கீழ் வருகிறது என்பது பார்ப்பவர் மனத்தில் மட்டுமே உள்ளது. ஆவணத்தின் கட்டமைப்பைக் குறிக்கும் வசதி 2001இல் வந்த 1.4ஆம் பதிப்பில் விரிவாகச் சேர்க்கப்பட்டது உண்மை. அது விருப்பத்துக்கு விடப்பட்டது. அலுவலகங்களில் விருப்பத்துக்கு விடப்பட்டவை என்ன ஆகும் என்பதை நாம் அறிவோம்.

ஆகவே ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. பொருளைப் பிரித்தெடுப்பதில் ஆய்வாளர்கள் முன்னேறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், உலகத்தின் அலுவல் எழுத்து பெருமளவில், எழுத்து வரிசையே நிச்சயமில்லாத ஒரு வடிவத்துக்குக் குடிபெயர்ந்தது. 1995இல் வந்த எக்ஸ்பிடிஎஃப் என்னும் கட்டற்ற மென்பொருளும், அதிலிருந்து கிளைத்தவையும், பின்னர் வந்த பிடிஎஃப்பாக்ஸ் முதலியவையும் இதைச் சரிசெய்யவே எழுதப்பட்டன. வடிவங்களுக்கிடையே உள்ள தொலைவை அளந்து, எழுத்தின் அளவோடு ஒப்பிட்டு, ‘இங்கே சொல் முடிகிறது’ என்று அவை ஊகிக்கின்றன. சொல்லெல்லை என்பது ஒலியனியல், உருபனியல், தொடரியல் ஆகிய மூன்றும் சேர்ந்து மல்லுக்கட்டும் இடம் என்று நாம் படித்திருக்கிறோம். இங்கே அது அளவுகோலால் முடிவுசெய்யப்படுகிறது. பத்திரிகைபோல் இரண்டு பத்திகளாக அச்சிட்ட பக்கத்தில் இடப்பக்க வரியின் தொடர்ச்சியாக வலப்பக்க வரி வந்து ஒட்டிக்கொள்வதும் இதனால்தான்.

ஆங்கிலத்தில் இச்சிக்கல் இவ்வளவோடு நின்றுவிடும். இந்திய மொழிகளில் இன்னொரு அடுக்கும் உண்டு.

உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது தொல்காப்பியம் முதலே நாம் கற்றுவரும் இலக்கணம். 1991இல் இந்தியத் தர நிறுவனம் வெளியிட்ட ‘இஸ்கி’ குறியேற்றம் இந்த ஒலி வரிசையையே பின்பற்றியது. ஒருங்குறியின் இந்திய மொழிப் பகுதிகள் அதன் முந்தைய வடிவத்தை அடியொற்றின. எனவே ‘கொ’ என்பது கணினியின் நினைவில் ககர மெய்யும் அதன்பின் ஒகரக் குறியுமாக இருக்கும். தாளிலோ முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு துணைக்கால். ஒலி வரிசையிலிருந்து காட்சி வரிசைக்கு மாற்றும் வேலையை எழுத்துருவும் அதை இயக்கும் மென்பொருளும் செய்கின்றன. பிடிஎஃப் உருவாகும்போது இந்த மாற்றம் நடந்து முடிந்துவிடும். கோப்பில் தங்குவது காட்சி வரிசை மட்டுமே. நகலெடுக்கும் மென்பொருள் அதை இடமிருந்து வலமாகத் திரும்பப் பெயர்க்கும்போது, கொம்பு தனக்கு முன்னால் நிற்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ‘வரவேற்பு’ என்ற சொல்லில் வகரத்துக்குரிய இரட்டைக்கொம்பு ரகரத்தைப் பற்றிக்கொள்வது இப்படித்தான். இந்தியில் குறில் இகரக் குறிக்கும் இதே கதி. தாய் மொழியும் லாவோ மொழியும் ஒருங்குறியில் காட்சி வரிசையையே கைக்கொண்டதால் அம்மொழியினருக்கு இத்தொல்லை இல்லை. எது நல்ல தேர்வு என்ற விவாதத்துக்குள் நான் போக விரும்பவில்லை. இலக்கணப்படி நம் தேர்வு சரியானது, அதற்கு நாம் கொடுக்கும் விலை இது.

இதற்கும் முந்தைய வழக்கம் இன்னும் மோசம். ஒருங்குறி பரவுவதற்குமுன் இந்திய அலுவலகங்களில் எழுத்துருவே குறியேற்றமாக இருந்தது. இந்தியில் கிருதி தேவ், தமிழில் பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் நம் எழுத்து வடிவங்களை அமர்த்தின. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினி நினைவில் பதிவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள். எழுத்துருவை நீக்கினால் தமிழும் நீங்கிவிடும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியேற்றங்களைத் தரமாக ஏற்றது; 2010இல் ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துருக் குறியேற்றத்தையும் ஏற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் எழுதப்பட்ட கோப்புகள் எல்லாம் அவையவை பிறந்த எழுத்துருவின் சிறையில் இருக்கின்றன.

கோப்பில் எழுத்தே இல்லாமல் தாளின் படம் மட்டும் இருந்தால், ஷெப்பர்டின் எந்திரத்துக்கே திரும்ப வேண்டும். இத்துறையில் நம் நாட்டார் பிந்தியவர்கள் அல்லர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடனாய்வாளர்களும் அச்சுத் தமிழ் எழுத்துகளைக் கணினியால் இனங்காண்பது பற்றி 1978இலேயே கட்டுரை வெளியிட்டார்கள். கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பி. பி. சௌதுரியும் யு. பாலும் அச்சு வங்காளத்துக்கு முழுமையான ஓர் எழுத்துணரியை 1998இல் விவரித்தார்கள்; எழுத்துகளைத் தலையில் கோத்து நிற்கும் அந்த மேற்கோட்டைப் பிரிப்பது அதில் ஒரு பெரும் வேலை. அறிவு இருந்தது. அலுவலகங்கள் புதிது புதிதாகப் படங்களை உருவாக்கிய வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை.

இனி நான் வர நினைத்த இடத்துக்கு வருகிறேன். வடிவத்தால் இழந்ததை மீட்கும் வேலைக்குச் செலவு உண்டு: நேரம், கணினித் திறன், பிழை. அச்செலவு யார் தலையில் விழுகிறது?

2016இல் வெளியான பனாமா ஆவணங்கள் ஒரு சட்ட நிறுவனத்தின் உட்கோப்புகள், 1.15 கோடி ஆவணங்கள், 2.6 டெராபைட். அவற்றில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை பிடிஎஃப், 10 லட்சத்துக்கும் மேற்பட்டவை படங்கள். புலனாய்வு இதழாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு டிகா, டெசராக்ட் போன்ற கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு அவற்றைத் தேடத்தக்கவையாக்கிய பிறகே பல நாட்டு இதழாளர்கள் அவற்றுக்குள் நுழைய முடிந்தது. அவை கசிந்த கோப்புகள்; வாசகருக்காக எழுதப்பட்டவை அல்ல. எனவே அங்கே சுமை நியாயமாகவே வாசகருடையது.

பொது மக்களுக்கென்றே வெளியிடப்படும் ஆவணங்களின் நிலை வேறு. 2018இல் மத்தியப் பிரதேச வாக்காளர் பட்டியலைத் தேடத்தக்க உரை வடிவில் தர வேண்டும் என்று கோரி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. வாக்காளர்களின் தனியுரிமையையும் தகவல் சுரண்டப்படும் அபாயத்தையும் சுட்டித் தேர்தல் ஆணையம் பட வடிவையே வெளியிட்டுவந்தது. அவ்வாண்டு அக்டோபர் 12 அன்று நீதிமன்றம் கோரிக்கையை ஏற்க மறுத்தது. பட வடிவில் கிடைப்பதை மனுதாரர் தம் சொந்த முயற்சியால் தேடத்தக்க வடிவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதும் தீர்ப்பில் இருந்தது. தனியுரிமை பற்றிய அச்சம் வெற்று அச்சமன்று. அதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் ‘சொந்த முயற்சி’ என்ற அந்தச் சொற்றொடர் என்னை விடுவதாக இல்லை. எழுத்துணரியும் அதை இயக்க ஆளும் உடைய அமைப்புக்குப் பட வடிவம் ஒரு நாள் தாமதம். ஓர் ஊரின் பட்டியலைச் சரிபார்க்க நினைக்கும் தனி மனிதருக்கு அது மதில். தகவலைச் சுரண்டும் வசதி படைத்தவரைத் தடுக்காமல் வசதியற்றவரை மட்டும் தடுக்கும் பூட்டு எதைக் காக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

அதே 2018இல் சோஷியல்காப்ஸ் என்ற இந்தியத் தரவு நிறுவனத்தில் எழுதப்பட்ட நிரல் ஒன்று கட்டற்ற மென்பொருளாக வெளியானது. பிடிஎஃப் கோப்பில் உள்ள அட்டவணைகளைப் பிரித்தெடுப்பது அதன் பணி. கோடுகள் வரையப்பட்ட அட்டவணையானால் கோடுகள் வெட்டும் புள்ளிகளைக் கொண்டு கட்டங்களைக் கண்டுபிடிக்கும். கோடில்லாத அட்டவணையானால் வெற்றிடங்களைக் கொண்டு நெடுவரிசைகளை ஊகிக்கும். அதற்கு இட்ட பெயர் கேமலாட். வார்னாக்கின் திட்டத்துக்கு இருந்த அதே பெயர், தெரிந்தே இடப்பட்டது. முதல் கேமலாட் கட்டிய சுவரில் கதவு திறக்க இரண்டாம் கேமலாட் என்று அந்தப் பொறியாளர்கள் சிரித்திருக்கக்கூடும். அதற்கு முன் 2013இல் இதழாளர்களுக்காக உருவான டபுலாவும் இவ்வேலைக்கானதே. இம்மாதிரிக் கருவிகள் இந்தியாவில் யாருக்குத் தேவைப்பட்டன என்பதைப் பாருங்கள்: அரசும் வங்கிகளும் கணினியில் வைத்திருக்கும் அட்டவணையை, அவர்களே பிடிஎஃப் ஆக்கி வெளியிட்டபின், மீண்டும் அட்டவணை ஆக்க வேண்டியிருந்தவர்களுக்கு.

2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கி, விவரங்களை வெளியிட ஆணையிட்டது. பத்திரங்களை வாங்கியோர் விவரமும் அவற்றைப் பணமாக்கிய கட்சிகளின் விவரமும் தனித்தனியாக வைக்கப்பட்டிருப்பதாகவும், 44,434 தகவல் தொகுதிகளை ஒப்பிட வேண்டியிருப்பதாகவும் கூறிய ஸ்டேட் வங்கி, ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. நீதிமன்றம் மறுத்தது. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் தன் தளத்தில் இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டது. மொத்தம் 700க்கும் மேற்பட்ட பக்கங்கள். வாங்கியோர் ஒன்றில், பெற்றோர் மற்றொன்றில். இரண்டையும் இணைக்கும் பத்திர எண்கள் நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்திய பின், மார்ச் 21 அன்றே வெளியாயின.

அந்த ஒரு வாரத்தில் இதழாளர்களும் ஆய்வாளர்களும் தன்னார்வ நிரலாளர்களும் செய்த வேலை என்ன? அட்டவணையைக் கோப்பிலிருந்து பிரித்து, ஒவ்வொரு வரியையும் விரிதாளில் ஏற்றி, ஒரே நிறுவனம் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் வந்த இடங்களை ஒன்றுபடுத்தி, கூட்டிப் பார்த்தார்கள். எழுத்துகளையும் எண்களையும் மீட்பது முதல் வேலை. ‘இதுவும் அதுவும் ஒரே பெயர்தானா’ என்பது இரண்டாவது வேலை. பிளேரும் மேரனும் கண்ட அதே இரண்டாவது வேலை. ஆனால் 1985இல் அது தொடக்கத்திலேயே இருந்தது. 2024இல் முதல் வேலையை முடித்துவிட்டுத்தான் அதற்கு வர முடிந்தது. பின்னடைவு என்று தொடக்கத்தில் நான் சொன்னது இதைத்தான்.

இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்றும் நம் நாட்டில் உண்டு. 2011இல் நிறுவன விவகார அமைச்சகம், குறிப்பிட்ட வகை நிறுவனங்கள் தம் நிதிநிலை அறிக்கைகளை எக்ஸ்பிஆர்எல் வடிவில் தர வேண்டும் என்று விதித்தது. அதில் ஒவ்வோர் எண்ணுக்கும் ‘இது வருவாய்’, ‘இது கடன்’ என்று குறி இருக்கும். கோல்ட்ஃபார்பின் 1969ஆம் ஆண்டு விடையின் பேரப்பிள்ளை அது. 2020 அக்டோபர் 1 முதல் ஆண்டுக்கு 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள், பிற நிறுவனங்களுக்கு எழுதும் ஜிஎஸ்டி விலைப்பட்டியல்களை வரையறுத்த ஒரு வடிவத்தில், ஜேசன் கோப்பாக அரசுத் தளத்தில் பதிய வேண்டும் என்றாயிற்று. பதிந்தால் 64 எழுத்துகளாலான ஓர் அடையாள எண்ணும் கியூஆர் குறியும் கிடைக்கும். அந்த வரம்பு படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடி ரூபாயாயிற்று. விற்பவர் யார், வாங்குபவர் யார், எந்தப் பொருள், எவ்வளவு வரி என்று ஒவ்வொரு விவரமும் தன் பெயரோடு வருகிறது. ஊகிப்பதற்கு ஒன்றுமில்லை, பிரித்தெடுக்கவும் ஒன்றுமில்லை. காசோலையின் அடிவிளிம்பில் இருந்த ஒரு வரி இப்போது ஆவணம் முழுவதுமாக விரிந்துவிட்டது.

வாசகர் அரசாக இருக்கும் இடத்தில், சிறு வணிகர்வரை ஒவ்வொருவரும் எந்திரம் படிக்கத்தக்க வடிவில் எழுதித் தர வேண்டும். வாசகர் குடிமகனாக இருக்கும் இடத்தில் அதே அரசு பக்கத்தின் படத்தைத் தருகிறது. இரண்டுக்கும் தொழில்நுட்பம் ஒன்றே. செலவை யார் ஏற்பது என்ற முடிவில்தான் வேறுபாடு. பிரித்தெடுக்கும் மென்பொருள்களின் திறன் கூடக்கூட இவ்வேறுபாடு கண்ணில் படாமல் போகும் என்பது என் கவலை. இன்றைய பெருமொழி மாதிரிகள் பக்கத்தின் படத்தைப் பார்த்தே அட்டவணையை எழுதித் தருகின்றன. பெரும்பாலும் சரியாகத் தருகின்றன. தவறும்போது, பழைய மென்பொருளைப்போல் ‘வரேவற்பு’ என்று தவறைக் காட்டிக்கொடுக்காமல், நம்பத்தக்க வேறொரு சொல்லை, நம்பத்தக்க வேறோர் எண்ணை வைத்துவிடுகின்றன. முதல் ஆவணத்தில் உரை இல்லாதபோது எதை வைத்து அதைச் சரிபார்ப்பது?

பல்கலைக்கழகத்தில் இருக்கும் நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளின் பின்னணியில் வளர்ந்த சோத்கங்காவில் தமிழ் ஆய்வேடுகள் குவிந்திருக்கின்றன. அவற்றுள் பழைய எழுத்துருவில் அடித்தவையும், அச்செடுத்து மீண்டும் படம்பிடித்தவையும் எத்தனை என்பதை, தேடிப் பார்த்தவர் அறிவார். ஐந்தாண்டு உழைத்து எழுதியதை ஒரு சொல்லாலும் தேட முடியாத கோப்பாக ஒப்படைக்கிறோம். இவ்வாண்டு ஆய்வேடு தரவிருக்கும் நண்பர்கள் ஒன்று செய்யலாம். ஒருங்குறியில் தட்டச்சு செய்து, அச்செடுத்துப் படம்பிடிக்காமல் நேரடியாகப் பிடிஎஃப் ஆக்குங்கள். பிறகு அக்கோப்பைத் திறந்து ‘கொள்கை’ என்றோ ‘மேற்கோள்’ என்றோ தேடிப் பாருங்கள். அகப்படாவிட்டால் கோப்பை உருவாக்கிய மென்பொருளை மாற்றிப் பாருங்கள். அதுவும் கைகொடுக்காவிட்டால், மூல உரைக் கோப்பையும் சேர்த்து நூலகத்தில் ஒப்படைக்க அனுமதி கேளுங்கள். விதியில் இடமில்லை என்று சொல்வார்கள். எழுத்தில் கேட்டு, மறுப்பையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஆய்வேட்டு விதிகள் திருத்தப்படும்போது அந்தக் கடிதங்கள் பயன்படும்.